சட்டமும் இருந்தது, தகவலும் இருந்தது

உயிர்த்த ஞாயிறு தாக்குதல் பற்றிப் பேச்சு வந்தாலே, "இன்னும் கடுமையான சட்டம் வேண்டும்" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்த 2019 ஏப்ரல் 21 அன்று, இலங்கையில் சட்டத்துக்கு என்ன குறை? பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இலேயே வந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு மட்டும் என்று கொண்டுவந்து, 1982இல் நிரந்தரமாக்கினார்கள். வழக்கே போடாமல் ஒருவரை 18 மாதம் உள்ளே வைத்திருக்க அது இடம் கொடுத்தது.

தகவலுக்கும் குறையில்லை. ஏப்ரல் 4இல் இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. 9ஆம் திகதி அது எழுத்தில் பொலிஸ்மா அதிபருக்குப் போனது. 11ஆம் திகதி பொலிஸ் உயரதிகாரி ஒருவர் அனுப்பிய குறிப்பில், தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் பெயர் இருந்தது, கத்தோலிக்கத் தேவாலயங்கள் குறிவைக்கப்படலாம் என்பது இருந்தது, அவருடைய சகோதரர் இரவில் எந்த நேரத்தில் மனைவி பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகிறார் என்பதுகூட இருந்தது. அந்தக் குறிப்பு யாருக்குப் போனது தெரியுமா? பிரமுகர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் பிரிவுகளுக்கு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் பூசைக்குப் போன சனத்துக்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் செத்தார்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அதற்கு முன்பே எத்தனை சந்தர்ப்பங்கள்! 2017இல் காத்தான்குடியில் சஹ்ரானின் ஆட்கள் வேறொரு முஸ்லிம் பிரிவினரோடு மோதிய பிறகு, அவரைப் பிடியுங்கள் என்று கேட்டவர்கள் அந்த ஊர் முஸ்லிம்களேதான். 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் அவருடைய குழுவோடு தொடர்புடைய ஏறத்தாழ 100 கிலோ வெடிபொருள் அகப்பட்டது. 2018 நவம்பரில் வவுணதீவில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டபோது, முன்னாள் புலி உறுப்பினர் ஒருவரைப் பிடித்து மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். கொன்றது சஹ்ரானின் ஆட்கள் என்பது ஏப்ரல் தாக்குதலுக்குப் பிறகுதான் வெளியே வந்தது. பழைய எதிரியையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்குப் புதியவன் தெரியவில்லை.

சரி, அதற்குப் பிறகாவது பாடம் படித்தார்களா? 2020இல் ஒரு இளம் கவிஞரை, அவருடைய தமிழ்க் கவிதைப் புத்தகத்துக்காக அதே சட்டத்தில் பிடித்தார்கள். வன்முறை வேண்டாம் என்று எழுதியவர் அவர். பிணை கிடைக்க ஒன்றரை வருடத்துக்கு மேலானது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இழந்த காலத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

நம்பிக்கை தருவது எனக்கு ஒன்றுதான்: 2023 ஜனவரி 12இல் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு. தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்றது. பொலிஸ்மா அதிபராகவும் அரச புலனாய்வுச் சேவைத் தலைவராகவும் இருந்தவர்கள் ஆளுக்கு 75 மில்லியன். 260க்கும் மேற்பட்ட உயிர்களுக்கு அது ஈடாகாது. ஆனாலும், தெரிந்தும் சும்மா இருந்தது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று ஒரு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடுத்தடுத்த அரசுகள் புதிய சட்ட வரைவுகளைத் தூக்கிக்கொண்டு வருகின்றன. எனக்கு வேண்டியது வேறு. எச்சரிக்கை கையில் கிடைத்த அதிகாரி, எத்தனை மணி நேரத்துக்குள், ஆபத்தில் இருக்கும் மக்களுக்கு அதைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அவருக்கு என்ன தண்டனை என்பதை எழுதிக்கொண்டு நாடாளுமன்றத்துக்கு வாருங்கள். 1979ஆம் ஆண்டுச் சட்டத்தை அதே நாளில் நீக்குங்கள்.