ஆறு செட் தொகுதி

(சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தள்ளுவண்டி. இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் காய்த்துருவலும் வைத்த தட்டுவடை செட் போடுகிறவர் கடைக்காரம்மா. எதிரே, ஒரு வேலையாகச் சேலம் வந்த சங்ககிரிப் பெரியவர்.)

கடைக்காரம்மா: என்ன பெரியப்பா, ஆறு செட் வாங்கிவிட்டு ஒன்றையும் தொடவில்லையே? சட்னி தடவியாச்சு, நமுத்துப் போகும்.

பெரியவர்: இரு அம்மிணி. உன் பெண் சொன்னது தொண்டையிலேயே நிற்கிறது. எந்த ஊர் என்று கேட்டாள். சங்ககிரி, திருச்செங்கோடு எம்.பி. தொகுதி என்றேன். அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்கிறாள்!

கடைக்காரம்மா: அவள் குரூப் 4 படிக்கிறாள். தமிழ்நாட்டின் 39 தொகுதியும் மனப்பாடம். இருந்தால் சொல்ல மாட்டாளா?

பெரியவர்: 2004 வரை இருந்தது. மறுவரையறை என்று சொல்லிப் பாகம் பிரித்துவிட்டார்கள். 2009 தேர்தலில் பெயரே இல்லை. இதோ பார், ஆறு செட், ஆறு சட்டமன்றத் தொகுதி. நடுவில் திருச்செங்கோடு, பக்கத்தில் எங்கள் சங்ககிரி. பீட்ரூட் வழிகிறதே, அது எடப்பாடி. அந்தப் பக்கம் ஈரோடு, மொடக்குறிச்சி. ஓரத்தில் உடைந்து கிடப்பது கபிலர்மலை.

கடைக்காரம்மா: ஈரோடா? அவ்வளவு பெரிய டவுன் திருச்செங்கோட்டுப் பெயரிலா இருந்தது?

பெரியவர்: மஞ்சள் மண்டி, ஜவுளிச் சந்தை, ரயில் ஜங்ஷன் எல்லாம் அவர்களிடம். பெயர் மட்டும் மலைக்கோயில் ஊருடையது. வீட்டில் சம்பாதிக்கிறவர் ஒருவர், ரேஷன் கார்டில் தலைவர் இன்னொருவர் என்று இருக்காதா?

கடைக்காரம்மா: அந்த மலையில் சாமியே பாதி அம்மன், பாதி சிவன். தொகுதியைப் பிரித்ததில் என்ன அதிசயம்?

பெரியவர்: சிரி, சிரி. 1952-ல் முதல் எம்.பி. யார் தெரியுமா? பேபி.

கடைக்காரம்மா: அந்தக் காலத்திலேயே பெண் எம்.பி.யா!

பெரியவர்: ஆண்தான். பேபி என்கிற கந்தசாமி, சுயேச்சை. அப்புறம் 1957-லும் 1962-லும் காங்கிரஸ் சுப்பராயன். குமாரமங்கலம் ஜமீன்தார். 1926-லேயே சென்னை மாகாணத்தின் முதல்வர். அவர் பேரன் ரங்கராஜன் குமாரமங்கலத்தைத்தான் நீங்கள் சேலத்தில் மூன்று தரம் ஜெயிக்க வைத்தீர்கள். தாத்தா எங்கள் பக்கம், பேரன் உங்கள் பக்கம்.

கடைக்காரம்மா: பெண் கொடுத்துப் பெண் எடுத்த மாதிரி.

பெரியவர்: 1967-ல் திமுகவின் பேராசிரியர் அன்பழகன். 1998-ல் எடப்பாடி பழனிசாமி.

கடைக்காரம்மா: முதல்வராக இருந்தாரே, அவரா?

பெரியவர்: அவரேதான். ஆனால் டெல்லியில் ஒரே ஓட்டில் ஆட்சி கவிழ்ந்து, அடுத்த வருஷமே மறுபடி தேர்தல். 1999-ல் மதிமுக கண்ணப்பனிடம் தோற்றார். 2004-ல் திமுக சுப்புலட்சுமி ஜெகதீசனிடம் தோற்றார்.

கடைக்காரம்மா: (உள்ளே திரும்பி) கேட்டாயா கண்ணு? ரெண்டு தரம் தோற்றுப் போனவர் முதல்வரே ஆகிவிட்டார். நீ மூன்றாவது தரம் குரூப் 4 எழுதலாம்.

பெரியவர்: அந்தச் சுப்புலட்சுமி 1996-ல் மொடக்குறிச்சியில் சட்டமன்றத்துக்கு நின்றார். மொத்தம் எத்தனை வேட்பாளர் சொல்லு?

கடைக்காரம்மா: முப்பது?

பெரியவர்: 1,033!

கடைக்காரம்மா: ஆயிரம் பேரா? என்ன பெரியப்பா, கல்யாணப் பந்தியா?

பெரியவர்: விவசாயிகளுக்கு அரசாங்கத்தின் மேல் கோபம். வரிசையில் நின்று மனுப்போட்டார்கள். அப்போது டெபாசிட் 250 ரூபாய்தான். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்கள். சுப்புலட்சுமி ஜெயித்தார். ஆனால் 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை.

கடைக்காரம்மா: அவரவர் ஓட்டையாவது போட்டுக்கொண்டிருக்கலாமே?

பெரியவர்: புத்தகத்தில் தன் பெயரைத் தேடி எடுப்பதற்குள் பொழுது சாய்ந்திருக்கும். அதற்கப்புறம்தான் டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள்.

கடைக்காரம்மா: சரி, பாகம் பிரித்தார்களே, யாருக்கு என்ன கிடைத்தது?

பெரியவர்: (தட்டில் நகர்த்துகிறார்) ஈரோடும் மொடக்குறிச்சியும் ஈரோடு என்ற புதுத் தொகுதிக்கு. திருச்செங்கோடும் சங்ககிரியும் நாமக்கல்லுக்கு. கபிலர்மலை சட்டமன்றத் தொகுதியாகவும் இல்லாமல் போச்சு. (வாயில் போட்டுக்கொள்கிறார்.) எடப்பாடி உங்கள் சேலத்துக்கு. இந்தா, உன் பக்கம் வைக்கிறேன்.

கடைக்காரம்மா: சங்ககிரி சேலம் மாவட்டம்தானே?

பெரியவர்: அதைத்தான் கேட்கிறேன்! கலெக்டர் சேலத்தில், எம்.பி. நாமக்கல்லில். நான் வீடு மாறவே இல்லை அம்மிணி. திண்ணையைக்கூட மாற்றிக் கட்டவில்லை.

கடைக்காரம்மா: என் தங்கையை ஏற்காட்டில் கொடுத்திருக்கிறோம். இங்கிருந்து நிமிர்ந்தால் தெரிகிற மலை. அவள் ஓட்டு கள்ளக்குறிச்சிக்குப் போகிறது. அவளே பேசாமல் இருக்கிறாள். (பேச்சு மும்முரத்தில் எடப்பாடியை எடுத்துக் கடிக்கிறார்.)

பெரியவர்: அம்மிணி! அது என் செட்டு!

கடைக்காரம்மா: சேலத்துக்கு வந்தது என்று நீங்கள்தானே இந்தப் பக்கம் வைத்தீர்கள்?

பெரியவர்: அப்படியானால் ஐந்துக்குத்தான் காசு தருவேன். எடப்பாடிக் கணக்கை உங்கள் சேலம் எம்.பி.யிடம் கேட்டு வாங்கிக்கொள். (சங்ககிரியை எடுத்துக் கடிக்கிறார்.) என்னம்மா இது, நமுத்துப் போச்சே!

கடைக்காரம்மா: அதை நாமக்கல்லில் போய்ச் சொல்லுங்கள் பெரியப்பா.