உப்புக்காற்று மேல் பழி போடாதீர்கள்

பழைய பாம்பன் ரயில் பாலத்தைப் பிரிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்ததிலிருந்து என் டைம்லைன் முழுக்க அந்தப் பாலம்தான். பிரியம் இருக்கட்டும், தப்பில்லை. 1914-ல் திறந்த பாலம். 1964 புயலில் கர்டர்களை எல்லாம் கடல் அடித்துக்கொண்டு போனபோதும் நடுவில் கப்பலுக்கு வழிவிட இரண்டு பக்கமும் மேலே தூக்குகிற ஷெர்சர் தூக்குப் பகுதி அசையாமல் நின்றது. ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்து மறுபடி ரயிலை ஓடவிட்டார். நூறு வயது தாண்டிய பாலம், அதற்காகப் பேச ஆள் இருக்கிறது. நேற்றுக் கட்டிய மாதிரி தெரிகிற, ஐம்பது வயதுகூட ஆகாத கட்டடங்களுக்கு யார் பேசுவார்கள் என்பதுதான் என் கவலை.

டெல்லி பிரகதி மைதானத்தில் ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ என்று ஒரு கண்காட்சி மண்டபம் இருந்தது. சுதந்திர வெள்ளிவிழா சமயம், 1972 வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டியது. வரைந்தவர் ராஜ் ரேவால், பொறியாளர் மகேந்திர ராஜ். அவ்வளவு பெரிய மண்டபத்துக்குள் ஒரு தூண் கிடையாது, முக்கோணச் சட்டங்களைக் கூடு மாதிரி பின்னித்தான் நிறுத்தியிருந்தார்கள். வெளிநாட்டில் இந்த மாதிரி முக்கோணச் சட்டங்களை எஃகில் செய்து பூட்டிவிடுவார்கள். நம்மிடம் அன்று எஃகு எட்டாத விலை. அதனால் அத்தனையையும் கான்கிரீட்டிலேயே, ஆள் வைத்துச் சாரம் கட்டி வார்த்தார்கள். கான்கிரீட் வார்க்கப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் வேலை தெரிந்தவர்கள் அதன் பழைய புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள். சட்டங்கள் கூடுகிற ஒரு முடிச்சில் எத்தனை பக்கத்திலிருந்து கம்பி வந்து சேர்கிறது, அதற்குப் பலகை எப்படி அடித்திருப்பார்கள் என்று யோசித்தாலே தலை சுற்றும்.

2017 ஏப்ரலில் ஒரு ராத்திரியில் அதை இடித்துத் தள்ளிவிட்டார்கள். பாரிஸ், நியூயார்க் அருங்காட்சியகங்கள் வரைக்கும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தும் நடக்கவில்லை. டெல்லியின் மரபுப் பாதுகாப்புக் குழுவோ, 60 வயதாவது ஆன கட்டடத்தைத்தான் கணக்கில் எடுப்போம் என்றது. அந்த மண்டபத்துக்கு அப்போது 45. அறுபது ஆனால் காப்பாற்றுவார்கள், ஆனால் அறுபது ஆகும் வரை விட்டுவைக்க மாட்டார்கள்.

நம்ம கடற்கரையில் வயதைக்கூடக் கேட்பதில்லை. ‘உப்புக்காத்து சார், கம்பியெல்லாம் போயிருச்சு, இடிச்சுட்டுப் புதுசா கட்டிரலாம்.’ மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, தொண்டி, எங்கே போனாலும் இதே வசனம். கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்துப் பிழைக்கிறவன் என்பதால் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

உங்கள் தெருவில் ஒரு பழைய கட்டடத்தின் சன்ஷேடை அடியில் நின்று பாருங்கள். முதலில் செம்பட்டையாக ஒரு கறை தெரியும். அப்புறம் கம்பி ஓடுகிற திசையிலேயே மயிரிழை மாதிரி ஒரு விரிசல். சுத்தியலால் தட்டினால் ‘டங்’ என்று கேட்காது, பொக்கென்று கேட்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கிற சாமான். உள்ளேயிருந்து நெம்பிக் கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும். இதில் காற்றில் வருகிற உப்புக்குப் பங்கு உண்டுதான். ஆனால் உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கலவை போட்டது யார்? கடல் மணலை அள்ளிச் சலித்துப் போட்டது யார்? கம்பி பலகையோடு ஒட்டாமல் இடைவெளி விடுகிற கவர் பிளாக் வைக்காமல், கம்பிக்கு அடியில் ஒரு ஜல்லியைச் சொருகிவிட்டு ‘அதெல்லாம் நிக்கும்ணே’ என்று சொன்ன கொத்தனாரை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கம்பியை மூடியிருப்பது அரை இஞ்ச் கான்கிரீட்கூட இல்லை. அதற்குப் பிறகு மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கும், அரசஞ்செடி முளைக்கும், வருஷக்கணக்காக ஒருத்தரும் மேலே ஏறிப் பார்க்க மாட்டார்கள். கடைசியில் பழி மட்டும் காற்றுக்கு.

இதற்கெல்லாம் வைத்தியம் இருக்கிறது. பொக்கான இடத்தைக் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, இளைத்த கம்பிக்குத் துணையாகப் புதுக்கம்பி கட்டி, துத்தநாகப் பூச்சு அடித்து, பாலிமர் கலவையால் நிரப்பலாம். உப்பு ரொம்ப ஏறியிருந்தால் துத்தநாகக் கட்டியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிடலாம். கம்பிக்குப் பதிலாக அது கரையும். கப்பலின் அடிப்பக்கத்தில் துத்தநாகம் பொருத்துவதும் இதே கணக்குதான். சும்மா வராது, செலவாகும். அந்தச் செலவையும் புதிதாகக் கட்டுகிற செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது காட்டியிருக்கிறார்களா என்றால், நான் வேலை பார்த்த இடங்களில் பெரும்பாலும் இல்லை. டெண்டர் என்றால் புதுக்கட்டடத்துக்குத்தான் வேகம்.

எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை. பிள்ளைகள் உட்காருகிற வகுப்பறை ஆய்வில் தேறவில்லை என்றால் இடித்துத்தான் ஆக வேண்டும், அதில் மறுபேச்சே இல்லை.

அகமதாபாத் ஐ.ஐ.எம். மேலாண்மைக் கல்லூரி வளாகம் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் வடிவமைத்தது. அங்கே நூலகத்தைச் செப்பனிட்டதற்கு 2019-ல் யுனெஸ்கோ விருதே கிடைத்தது. மறு வருஷ டிசம்பரில் அதே வளாகத்தில் 18 விடுதிகளில் 14-ஐ இடிக்கப் போவதாக அறிவித்தார்கள். உலகம் பூராவும் எதிர்ப்பு வந்ததும் 2021 ஜனவரி முதல் தேதியே வாபஸ். 2022-ல் மறுபடி, பழைய விடுதிகளைச் செப்பனிட்டுக் காப்பாற்றுகிற திட்டத்தைக் கைவிடுகிறோம் என்றார்கள். ஜெயித்தாச்சு என்று படுத்துத் தூங்க முடியாத சண்டை இது.

நம்ம ஊர்க் கூத்து இன்னொன்று. தனுஷ்கோடியில் கூரை போன சர்ச் முன்னால் நிற்காத சுற்றுலாப் பயணி உண்டா? இடிந்து கிடந்தால் ரசிக்கிறோம். கூரையோடு நிற்கிற கட்டடத்துக்கு வெள்ளையடிக்க மட்டும் காசு இல்லை.

பாம்பன் தூக்குப் பாலத்துக்காவது ஒரு வழி இருக்கிறது. அது எஃகு. பக்குவமாகப் பிரித்துக் கரையில் கொண்டுவந்து மறுபடி பூட்டி நிறுத்தலாம். கான்கிரீட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, உடைத்தால் ரப்பிஷ்தான். 1988-ல் பாம்பனில் திறந்த இந்திரா காந்தி சாலைப் பாலத்துக்கும், 2017-ல் திறந்த பேய்க்கரும்பு கலாம் நினைவகத்துக்கும் ஒருநாள் இதே ‘உப்புக்காத்து’ வசனம் வரத்தான் போகிறது. அன்றைக்குப் பதில் சொல்ல இன்றிலிருந்தே பராமரிப்புப் பதிவேடு வேண்டும். எந்த வருஷம் எந்த விரிசல், யார் பார்த்தது, என்ன செய்தது என்று.

மதுரை ரயில்வே கோட்டத்துக்கு மனு எழுதுகிற தம்பிகளுக்கு ஒன்று. பாரம்பரியம், பெருமை என்று நாலு பக்கம் எழுதாதீர்கள். தூக்குப் பகுதியின் இரண்டு பக்கத்தையும் எங்கே நிறுத்துவீர்கள், கழற்றும்போது எண் போட்டுக் கழற்றுவீர்களா, அப்புறம் பெயின்ட் அடிக்க வருஷா வருஷம் யார் பணம் தருவார்கள் என்று மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் போடுங்கள். மனு எழுத உதவி வேண்டுமென்றால் இன்பாக்ஸில் வாருங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.