தங்கள் பாணியில்

பதினோரு வருஷம் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் துணை ஆசிரியராக இருந்தேன். எந்தப் பேப்பர் என்று கேட்காதீர்கள், எல்லா இடத்திலும் இதேதான் நடந்தது. அந்தக் காலத்தில் நான் அதிகம் எழுதிய வாக்கியம் எது என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன்: "போலீசார் தங்கள் பாணியில் விசாரித்ததில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்."

இதற்குச் சொந்தபந்தங்கள் நிறைய. கிடுக்கிப்பிடி விசாரணை. சிறப்பு கவனிப்பு. முறைப்படி விசாரித்ததில். கடைசியாக வந்து சேர்ந்த செல்லப்பிள்ளை, மாவுக்கட்டு: பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்று சொல்லிக் கையிலும் காலிலும் போடும் கட்டு. எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதான். அடித்தார்கள். அப்படி எழுத யாரும் தடை போட்டதில்லை. ஆனால் அடித்தார்கள் என்று எழுதினால் யார், எங்கே வைத்து, எந்தச் சட்டத்தின் கீழ் என்று அடுத்த கேள்வி வரும். 'பாணி' என்று எழுதினால் சிரிப்பு வரும். பக்கம் முடிக்கிற நேரத்தில் எங்களுக்கும் சிரிப்புதான் வசதி.

செய்தி எப்படி வரும் என்று சொன்னால்தான் விஷயம் புரியும். ராத்திரி ஒன்பது மணிக்கு தாலுகாவிலிருந்து பகுதி நேர நிருபர் போன் போடுவார். அவருக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. அச்சாகும் வரிக்கு ஏதோ கொடுப்பார்கள், விளம்பரம் பிடித்தால் கமிஷன். பகலில் ஜெராக்ஸ் கடையோ எல்.ஐ.சி.யோ வைத்திருப்பார். கிரைம் செய்தி இல்லாத நாளில் பக்கம் காய்ந்துபோகும். கிரைம் செய்தி கிடைக்கும் இடமோ ஸ்டேஷன் ஒன்றுதான். ரைட்டர் சொல்வதை இவர் எழுதுவார், இவர் சொல்வதை நான் எழுதுவேன், காலையில் ஊர் படிக்கும். நடுவில் இருக்கிற மூன்று பேரில் ஒருவர்கூட அந்த அறைக்குள் போனதில்லை. இப்போது போன் போய் வாட்ஸப் குரூப் வந்துவிட்டது. மாவட்ட போலீஸ் குரூப்பிலிருந்து ஒருவரை நீக்கினால் அந்த மாதம் அவருக்கு வரி இல்லை. எங்கள் நிருபர் ஒருவர் ஒரே ஒரு முறை "தாக்கியதாக உறவினர்கள் புகார்" என்று ஒரு வரி சேர்த்தார். அந்த வாரத்திலேயே அவர் பைக்குக்கு மூன்று தடவை அபராதம். அதற்கப்புறம் ஹெல்மெட்டும் போட்டார், வாயையும் மூடினார்.

2009 என்று நினைவு. மத்தியானம் மூன்று மணி, டெஸ்க்கில் நான் மட்டும். மஞ்சப்பையோடு ஒரு பெரியவர் வந்தார். இஸ்திரி வண்டி வைத்திருக்கிறவர். பையிலிருந்து எங்கள் பேப்பரின் ஒரு துண்டை எடுத்தார். மடிப்பே இல்லை. தொழில் அப்படி. மகன் மேல் பைக் திருட்டு வழக்கு, இரண்டு வரிச் செய்தி, நான் எழுதியதுதான்.

"மறுப்பு போடணுமாய்யா?" என்று கேட்டேன். வழக்கமாக அதற்குத்தான் வருவார்கள்.

"இல்லீங்க. பையனுக்கு வலது கை தூக்க வரல. ஸ்டேஷன்ல அடிக்கவே இல்லன்னு சொல்றாங்க, யாரும் பார்க்கலன்னு சொல்றாங்க. நீங்க 'தங்கள் பாணியில்'னு போட்டிருக்கீங்க. அப்ப நீங்க பார்த்திருக்கீங்கதானே? வக்கீல்கிட்ட கேட்டேன், சாட்சி இருந்தா நல்லதுன்னாரு. ஒருநாள் கோர்ட்டுக்கு வருவீங்களா?"

என்ன பதில் சொல்வது? "அது சும்மா எழுதுறதுங்க, வழக்கமா அப்படித்தான் போடுவோம்" என்றேன்.

"சும்மாவா?" என்றார். கோபமெல்லாம் இல்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. துண்டை மறுபடி மடிப்பு விழாமல் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வழக்கு என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவும் இல்லை. அதுவும் என் கணக்கில்தான் இருக்கிறது.

அவர் கேட்டதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் சட்டப் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தேன். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 1872 சாட்சியச் சட்டத்தில் 25ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அதுவே 23ஆவது பிரிவு. அந்த வாக்குமூலத்தால் ஏதாவது பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் அதற்குப் பொருந்தும் பகுதி மட்டும் செல்லும். அதாவது நீதிமன்றம் காதில் வாங்காத ஒன்றை நாங்கள் தினமும் தலைப்பில் போட்டோம். வெள்ளைக்காரனே தன் போலீஸ் எழுதி வாங்கும் வாக்குமூலத்தை நம்பாமல் சட்டம் போட்டான். நாங்கள் நம்பினோம்.

அவன் நம்பாததற்குக் காரணம் இருந்தது, அதுவும் நம் ஊரிலேயே. 1854இல் சென்னை மாகாணத்தில் சித்திரவதை பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். அடுத்த வருஷம் அறிக்கை வந்தது. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் தாசில்தாரின் ஆட்களும் போலீசும் என்னென்ன செய்தார்கள் என்பதற்கு அதில் தமிழ்ப் பெயர்களே இருக்கின்றன. அண்ணாந்தாள்: கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் இணைத்து ஆளைக் குனியவைத்துக் கட்டிப்போடுவது. கிட்டி: இரண்டு கட்டைக்கு நடுவில் விரலை வைத்து நெருக்குவது. அந்த அறிக்கைக்குப் பிறகுதான் வருவாய்த் துறையையும் போலீசையும் பிரித்து 1859இல் சென்னைக்குத் தனி போலீஸ் சட்டம் வந்தது. கிட்டி போனது. கிடுக்கிப்பிடி வந்தது. முன்னதை அறிக்கையில் கண்டித்து எழுதினார்கள், பின்னதை நாங்கள் கொட்டை எழுத்தில் பெருமையாக எழுதினோம்.

பத்திரிகைச் சுதந்திரம் என்று பேச்செடுத்தால் நம் ஆட்களிடம் பெருமைக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. எனக்கும் அந்தப் பெருமை உண்டு. பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகையை சென்னை அரசு உள்ளே விடாமல் தடுத்தது. அது 1950இல் உச்ச நீதிமன்றம் வரை போய் உடைந்தது. பேச்சுரிமையின் முதல் பெரிய தீர்ப்பே நம்மூர்த் தடையை உடைத்த தீர்ப்புதான். 1987இல் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு சட்டமன்றம் மூன்று மாதம் சிறை என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் வெளியே விட்டார்கள், அவர் வழக்குப் போட்டு ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு வாங்கினார். 2018 அக்டோபரில் ஆளுநர் மாளிகையின் புகாரில் நக்கீரன் கோபாலைப் பிடித்துக்கொண்டு எழும்பூர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இந்து என்.ராம் அங்கேயே எழுந்து பத்திரிகை உலகத்தின் சார்பில் பேசினார். மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்ய மறுத்தார். கோபால் அன்றைக்கே வீட்டுக்குப் போனார்.

அந்தக் காட்சியை டி.வி.யில் பார்த்துக் கைதட்டியவன் நான். ஆனால் அதே சட்டம், அதே ரிமாண்ட் அதிகாரம், இரண்டு வருஷம் கூட ஆகவில்லை, தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு செல்போன் கடைக்காரருக்கும் அவர் அப்பாவுக்கும் என்ன செய்தது? 2020 ஜூன் 19 சாத்தான்குளம். ஊரடங்கில் கடையை நேரத்துக்கு மூடவில்லை என்பது காரணம். ராத்திரி முழுக்க ஸ்டேஷனில். மறுநாள் கோவில்பட்டி கிளைச் சிறை. 22ஆம் தேதி இரவு மகன் இறந்தார், 23 காலையில் அப்பா. ரிமாண்டின்போது அங்கே எழுந்து பேச யார் இருந்தார்கள்?

அந்த வழக்கின் முதல் தகவல் அறிக்கையில் ஒரு வரி உண்டு. இருவரும் தரையில் புரண்டார்கள், அதில் ஊமைக்காயம் ஏற்பட்டது என்று. 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்' என்பதன் கூடப்பிறந்த வரி இது. கடைக்கு வெளியே இருந்த கேமராப் பதிவு வெளியானதும் அந்த அறிக்கை சொன்ன தகராறுக் கதை கலைந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக வழக்கை எடுத்தது, ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் பொறுப்பில் விடச் சொன்னது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டிடம் ஒரு காவலர் மரியாதையில்லாமல் பேசினார். ஸ்டேஷன் கேமராவின் சேமிப்பில் இடம் தாராளமாக இருந்தும், பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள். கடைசியில் உண்மையைச் சொன்னது ஒரு பெண் தலைமைக் காவலர். பயந்து பயந்துதான் சொன்னார், ஆனால் லத்தியிலும் மேஜையிலும் ரத்தம் இருந்ததைச் சொன்னார். சீருடைக்குள்ளிருந்து அந்த ஒரு குரல் வந்திருக்காவிட்டால் 'புரண்டார்கள்' என்பதே வரலாறு.

ஐந்து வருஷம் கழித்து, 2025 ஜூனில், மடப்புரம் கோயில் காவலாளி போலீஸ் விசாரணையில் இறந்தார். காரில் வைத்த நகை காணோம் என்ற புகார். தப்பி ஓடும்போது வலிப்பு வந்தது என்றுதான் போலீஸ் தரப்பில் சொன்னார்கள். கோயில் அலுவலகத்துக்குப் பின்னால் அடிப்பதை யாரோ ஒருவர் செல்போனில் எடுத்திருந்ததால் அந்தக் கதை நிற்கவில்லை. எடுத்தவர் நிருபர் இல்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்கலாம்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு கேள்வி வரும், கமென்ட்டில் வருவதற்குள் நானே கேட்டுவிடுகிறேன். "உன் வீட்டுப் பொண்ணுக்கு நடந்திருந்தா இப்படிப் பேசுவியா?" எனக்கும் மகள் இருக்கிறாள். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவிக்கு நடந்த பாலியல் கொடுமைச் செய்தி வந்த 2024 டிசம்பரில் எனக்கும் ரத்தம் கொதித்தது. பிடிபட்டவன் கையிலும் காலிலும் கட்டோடு படம் வந்தது. தப்பி ஓடும்போது விழுந்தானாம். நாடே கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நடுவில் என்ன நடந்தது பாருங்கள். அந்தப் பெண்ணை அடையாளம் காட்டும் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை இணையத்தில் வெளியே வந்தது. அது எப்படி வந்தது என்று விசாரிக்கிறேன் என்று சொல்லி, செய்தி சேகரித்த நிருபர்களின் செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கச் சொல்லித்தான் போன் கைக்கு வந்தது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னதும் அதே நீதிமன்றம்தான்.

மே மாதம் தீர்ப்பு வந்தது. ஐந்து மாதம் சொச்சத்தில். எல்லாக் குற்றச்சாட்டும் நிரூபணம், ஜூன் 2ஆம் தேதி முப்பது வருஷத்துக்குக் குறையாத ஆயுள் தண்டனை. அதை வாங்கிக் கொடுத்தது அந்தப் பெண்ணின் சாட்சியம், தடயவியல், ஒழுங்காகப் போட்ட குற்றப்பத்திரிகை. மாவுக்கட்டு அதில் ஒரு வரிக்குக்கூட உதவவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேண்டுமானால் உதவியிருக்கும்.

இன்னொன்றும் டெஸ்க்கில் உட்கார்ந்து கவனித்தது. சீட்டுக் கம்பெனி நடத்தி ஊர்க் காசை அள்ளிக்கொண்டு போனவர் எந்த ஸ்டேஷன் பாத்ரூமிலும் வழுக்கி விழுந்ததில்லை. அவருக்கு நெஞ்சுவலி வரும், ஏ.சி. வார்டில் சேருவார். வழுக்குகிற தரை ஆள் பார்த்துத்தான் வழுக்கும்.

வழுக்குவது என்றதும் ஒன்று. 2020 டிசம்பர் 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையத்திலும் கேமரா வைக்கச் சொன்னது. எங்கெங்கே என்று ஒரு நீளமான பட்டியலே போட்டது. வாசல், லாக்கப், தாழ்வாரம், இன்ஸ்பெக்டர் அறை என்று போய், கழிப்பறைக்கு வெளியேயும் என்று அதில் இருக்கிறது. பதிவைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும், அந்த வசதி இல்லையென்றாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது. ஆகவே ஒருவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்றால், நல்ல கால்களோடு அவர் உள்ளே நடந்துபோன பதிவு ஒன்று இருந்தாக வேண்டும். பிரஸ் மீட்டில் ஒரே ஒரு நிருபர் அதைக் கேட்டால் போதும். நான் தேடிப் பார்த்தேன். இதுவரை யாரும் கேட்டு என் கண்ணில் படவில்லை. அந்த நிருபருக்கு ஒழுங்கான சம்பளமும், குரூப்பிலிருந்து தூக்கினாலும் பின்னால் நிற்கிற ஒரு ஆசிரியரும் இருந்தால் கேட்பார். நான் அப்படி ஒரு ஆசிரியராக இருக்கவில்லை.

முந்தாநாள் எங்கள் சொந்தக்கார வாட்ஸப் குரூப்பில் ஒரு படம். இரண்டு பையன்கள், மீசை சரியாக அரும்பவில்லை, ரெண்டு பேருக்கும் வலது கையில் கட்டு, இடது காலில் கட்டு. ஒரே பாத்ரூமில் ஒரே மாதிரி விழுந்திருக்கிறார்கள். சித்தப்பா சிரிக்கும் பொம்மை ஏழு போட்டிருந்தார், அக்கா மகன் "தரமான சம்பவம்" என்று எழுதியிருந்தான். கீழே எந்தச் செய்தியும் இல்லை. என்ன வழக்கு, எந்த ஊர், இவர்கள்தான் செய்தார்களா, ஒன்றும் இல்லை.

"எந்த ஸ்டேஷன், எந்த பாத்ரூம்?" என்று கேட்டேன்.

ரெண்டு நீல டிக் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவிடமிருந்து ரோஜாப்பூப் படம் போட்ட இனிய இரவு வணக்கம் வந்தது.