பவுணில் போட்டால் ஒரு பந்தயம், பிட்கொயினில் போட்டால் இரண்டு

2025 டிசம்பரில் நிதின் குமார் லண்டன் அலெக்ஸாண்ட்ரா பாலஸ் மேடையில் ரிச்சர்ட் வீன்ஸ்ட்ராவை 3-2 என்று வென்ற இரவு என் இன்பொக்ஸ் நிறைந்துவிட்டது. உலக டார்ட்ஸ் போட்டியில் ஓர் இந்தியர் ஆட்டம் வென்றது அதுதான் முதல் தடவை. நான் டார்ட்ஸ் பற்றி எழுதும்போதெல்லாம் "அது பப்பில் பியர் குடித்துக்கொண்டு எறிகிற விளையாட்டுத்தானே" என்று பகிடி விட்டவர்கள்கூட வாழ்த்துச் சொன்னார்கள். சந்தோஷம். ஆனால் சென்னையிலிருந்து ஒரு நண்பர் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

"உங்களுக்குத்தான் இந்த கேம் அத்துப்படியாச்சே சார். கையில கொஞ்சம் யுஎஸ்டிடி கிடக்கு. எந்த சைட்ல போடலாம்?"

யுஎஸ்டிடி என்றால் டொலர் மதிப்போடு ஒட்டிய ஒரு கிரிப்டோ கொயின். அதை வைத்து டார்ட்ஸில் பந்தயம் கட்ட சைட் கேட்கிறார். எந்த சைட்டிலும் போடவேண்டாம் என்று ஒரு வரியில் பதில் போட்டேன். அவருக்குக் கோபம். நான் ஏதோ நல்ல சைட்டை எனக்கென்று ஒளித்து வைத்திருப்பதாக நினைத்துவிட்டார். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சூதாட்டமே பாவம் என்று பிரசங்கம் வைக்கிற ஆள் நான் இல்லை. 304 என்ற கடதாசி விளையாட்டு ஆடி வளர்ந்த ஊர் என் ஊர். கோயில் திருவிழா முடிந்த இரவில் பெரியவர்கள் விடிய விடியக் கடதாசி போடுவதைப் பார்த்தவன். இங்கே லண்டனில் வீட்டுக் குசினி ஜன்னலால் பார்த்தால் மலை மேலே அலெக்ஸாண்ட்ரா பாலஸ் தெரியும். 1936-இல் பிபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கிய கட்டடம். 2007 டிசம்பரிலிருந்து மார்கழி வந்தால் டார்ட்ஸ். நானும் வருடத்துக்கு ஒரு தடவை ஹை றோட்டில் இருக்கிற பெட்டிங் கடைக்குப் போய் 5 பவுண் தாள் ஒன்றைக் கொடுத்துத் துண்டு எழுதுவேன். பெரும்பாலும் தோற்பேன். துண்டைக் கசக்கி அங்கேயே கூடையில் போட்டுவிட்டு மரக்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

டார்ட்ஸைத் தெரிந்தவனுக்கு இதில் காசு பார்க்கலாம் என்று தோன்றுவது இயற்கை. பார்க்க அவ்வளவு சுலபமான விளையாட்டு. 501-இல் தொடங்கி ஒவ்வொரு முறையும் மூன்று அம்பு எறிந்து சைபர் வரை கழித்துக்கொண்டே வரவேண்டும், கடைசி அம்பு டபிளில், அதாவது பலகையின் வெளி வளையத்தில் விழவேண்டும். இப்படி ஒரு தடவை முடித்தால் ஒரு லெக், லெக்குகள் சேர்ந்தால் ஒரு செட். அந்தக் கடைசி அம்பில்தான் எல்லாம் இருக்கிறது. டபிள் வளையத்தின் அகலம் 8 மில்லிமீட்டர். சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. 2.37 மீட்டர் தூரத்தில் நின்று அதற்குள் எறியவேண்டும். உலகின் முதல்தர ஆட்டக்காரர்களே டபிளுக்கு எறியும் அம்புகளில் பாதிக்கு மேல் தவறவிடுகிறார்கள். மும்மடங்கு புள்ளி தரும் ட்ரெபிள் 20-இல் இயந்திரம்போல எறிகிறவன் டபிள் 16-க்கு வந்ததும் கம்பிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று விடுவான். எதிராளி வந்து லெக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவான். பார்க்க அருமையாக இருக்கும். முன்கூட்டியே சொல்வது என்பது வேறு விஷயம்.

பெட்டிங் கடைக்காரனுக்கு அது நன்றாகத் தெரியும். இரண்டு பேரும் சமபலம் என்று அவன் நினைத்தால் இரண்டு பக்கமும் 10/11 என்று போடுவான். 11 பவுண் வைத்தால் வெல்லும்போது 10 பவுண் லாபம். நீங்களும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் 11 பவுண் வைத்தால் அவன் கையில் 22. வென்றவருக்கு 21-ஐக் கொடுத்துவிட்டு ஒரு பவுணைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். யார் வென்றாலும் அவனுக்கு அந்த ஒரு பவுண் நிச்சயம். இந்த விளையாட்டின் மிகப்பெரிய போட்டிக்கே பெரும்பாலான வருடங்களில் பந்தய நிறுவனங்கள்தான் அனுசரணை. லாட்புரோக்ஸ், வில்லியம் ஹில், இப்போது பாடி பவர். அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்?

லைவ் பந்தயம் இன்னும் மோசம். ஒரு லெக் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்த லெக் யாருக்கு, அடுத்த 180 (மூன்று அம்பும் ட்ரெபிள் 20) யாருக்கு, இந்தச் செட்டில் நூறுக்கு மேல் மிச்சம் இருந்து ஒரே முறையில் முடிக்கும் செக்அவுட் வருமா என்று ஓர் இரவுக்குள் எத்தனையோ தடவை பந்தயம் கட்டலாம். நீங்கள் திரையில் பார்க்கிற அம்பு பலகையில் விழுந்து சில நொடி ஆகியிருக்கும். மண்டபத்தில் கூட்டம் கத்தி முடித்த பிறகுதான் உங்கள் போனில் ஆட்டக்காரன் கை ஓங்குவான். அதற்குள் சைட் ஒட்ஸை, அதாவது வென்றால் கிடைக்கும் விகிதத்தை, மாற்றியிருக்கும்.

இதெல்லாம் பவுணில் போட்டாலும் உள்ளதுதான். கொயினில் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு தம்பியின் கதையைச் சொல்லவேண்டும். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

வயது முப்பதைத் தாண்டவில்லை. டெலிவரி வான் ஓட்டுகிறான். 2023-இல் ஃபுட்போல் பந்தயத்தில் நன்றாகச் சறுக்கி, வீட்டில் தெரிந்து, ஒரே அழுகை. நான்தான் பக்கத்தில் இருந்து கேம்ஸ்டொப்பில் பதிந்து கொடுத்தேன். தெரியாதவர்களுக்கு: பிரிட்டனில் உரிமம் உள்ள ஒன்லைன் பந்தய நிறுவனங்கள் எல்லாம் 2020 மார்ச் முடிவிலிருந்து இதில் சேர்ந்தே ஆகவேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று நீங்களே உங்களைத் தடுத்து வைக்கலாம். இடையில் மனம் மாறினாலும் திறக்கமாட்டார்கள். அவன் ஐந்து வருடம் போட்டான். வங்கிச் செயலியில் சூதாட்டத் தடைப் பொத்தானையும் அழுத்தினோம். கிரெடிட் கார்டில் பந்தயம் கட்டுவது 2020 ஏப்ரலிலிருந்தே தடை. எல்லாக் கதவும் பூட்டியாயிற்று, இனிப் பயமில்லை என்று நினைத்தேன்.

அப்புறம் டார்ட்ஸ் வந்தது. 2024 ஜனவரியில் 16 வயது லூக் லிட்லர் உலக இறுதியாட்டம் வரை போய் லூக் ஹம்ஃப்ரீஸிடம் 7-4 என்று தோற்றதற்குப் பிறகு எங்கள் ஆட்களும் டார்ட்ஸ் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த வருட டிசம்பரில் தம்பி 800 பவுணுக்குப் பிட்கொயின் வாங்கி, உரிமம் இல்லாத ஒரு வெளிநாட்டு சைட்டில் போட்டான். கேம்ஸ்டொப் அங்கே செல்லாது. வங்கிக்கு அவன் கொயின் வாங்கியதுதான் தெரியும். அது சூதாட்டத்துக்குப் போகிறது என்று தெரியாது. சூதாட்டத் தடைப் பொத்தான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு நான் கேட்டபோது பெருமையாகத்தான் சொன்னான். "அண்ணை, உது பாங்கில தெரியாது. ஒருத்தனும் ஒண்டும் கேக்கமாட்டான்."

ஒருவனும் ஒன்றும் கேட்கமாட்டான் என்பதைத்தான் கிரிப்டோக்காரர்கள் சுதந்திரம் என்கிறார்கள். மற்றவர்களுக்கு எப்படியோ, அவனுக்கு அந்தக் கேள்விகள்தான் வேலியாக இருந்தன.

இப்போது கணக்கைப் பாருங்கள். அவன் வாங்கியது டிசம்பர் 17. அன்றைக்குப் பிட்கொயின் 1,08,000 டொலரைத் தொட்டு அதுவரை இல்லாத உச்சத்தில் நின்றது. 800 பவுணுக்குக் கிட்டத்தட்ட 0.0095 பிட்கொயின் கிடைத்தது. அடுத்த இரண்டு கிழமை சின்னச் சின்னப் பந்தயம். வென்றதும் தோற்றதும் கழித்துப் பார்த்தால் மறுபடி 0.0095. தொடங்கிய இடத்திலேயே நிற்கிறேன் என்று நினைத்தான். ஆனால் மாதக் கடைசியில் பிட்கொயின் 93,000 டொலருக்குக் கீழே விழுந்திருந்தது. பவுணில் பார்த்தால் 100 பவுண் போய்விட்டது. பந்தயக் கணக்கில் ஒன்றும் குறையாமல் 100 பவுண்! அவன் கவனிக்கவே இல்லை, ஏனென்றால் சைட் காட்டுவது 0.0095 என்ற எண்ணை மட்டும்தான்.

அதே டிசம்பர் 30 இரவு நான்காவது சுற்று, லிட்லருக்கு எதிராக ரயன் ஜோய்ஸ். லிட்லர் வெல்வது நிச்சயம் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் வெறும் வெற்றிக்கு ஒட்ஸ் ஒன்றும் இல்லை. இரண்டு செட் வித்தியாசத்திலாவது வெல்வான் என்று 0.0030 வைத்தான். ஜோய்ஸ் கடைசிச் செட் வரைக்கும் இழுத்துவிட்டார். லிட்லர் 4-3. ஆளைச் சரியாகச் சொல்லியும் பந்தயம் தோல்வி.

0.0030 என்றால் எவ்வளவு என்று அவனிடம் கேட்டேன். "சின்னக் காசுதான் அண்ணை" என்றான். போனில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 220 பவுண். அவன் முகம் போன போக்கை எழுத எனக்கு வராது. பெட்டிங் கடையில் 220 பவுண் வைக்கவேண்டும் என்றால் பதினொரு இருபது பவுண் தாளை எண்ணி ஒரு மனிதரின் கையில் கொடுக்கவேண்டும். ஏழாவது தாளில் கை நின்றுவிடும். சைபர் புள்ளி சைபர் சைபர் மூன்றுக்குக் கை எப்படி நிற்கும்?

இறுதியாட்டத்தில் லிட்லர் பக்கம் வைத்தான். 2025 ஜனவரி 3, மைக்கேல் வான் கெர்வனுக்கு எதிராக முதல் நான்கு செட்டையும் எடுத்து 7-3 என்று முடித்து, 17 வயதில் உலகச் சம்பியன். தம்பியின் கணக்கு 0.0080 ஆகியது. இத்தோடு போதும், எடுத்துவிடுவோம் என்று அவனுக்கே தோன்றியது. அதுவரை ஒன்றும் கேட்காத சைட் அப்போதுதான் வாய் திறந்தது. பாஸ்போட் அனுப்பு. முகத்தைப் படம் எடுத்து அனுப்பு. விலாசத்துக்குச் சான்று அனுப்பு. காசு எங்கிருந்து வந்தது என்று காட்டு. விலாசத்தை அனுப்பியதும் இன்னொரு மின்னஞ்சல்: பிரிட்டனில் இருப்பவர்கள் இங்கே ஆடக்கூடாது என்பது எங்கள் விதி, இருக்கும் நாட்டை மறைக்கிற விபிஎன் போட்டு வந்திருக்கிறீர்கள், கணக்கு முடக்கப்படுகிறது. போடும்போது கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவர்களுக்கு எடுக்கும்போது கண் தெரிந்துவிட்டது.

எங்கே முறையிடுவது? உரிமம் உள்ள நிறுவனம் என்றால் அது தராவிட்டால் ஐபாஸ் போன்ற நடுவர் அமைப்பு இருக்கிறது, உரிமம் கொடுத்துக் கண்காணிக்கிற சூதாட்ட ஆணையம் இருக்கிறது. இந்த சைட்டின் அடியில் பொடி எழுத்தில் குராசோ என்று போட்டிருந்தது. வரைபடத்தில் தேடினோம். வெனிசுவேலாவுக்கு மேலே, கரீபியன் கடலில் ஒரு தீவு. எங்கள் ஆட்கள் லண்டனில் சீட்டுப் பிடிக்கிறார்கள். அதிலும் கழுத்தறுப்பு உண்டு, தெரியும். ஆனால் சீட்டுப் பிடிக்கிற அக்காவின் வீடு தெரியும். போய்க் கதவைத் தட்டலாம், கோயிலில் கண்டால் நிறுத்திக் கேட்கலாம். குராசோவில் யாருடைய கதவைத் தட்டுவது? வங்கி வழியே போன காசு என்றால் திருப்பிக் கேட்க ஒரு வழியாவது உண்டு. கொயின் வைத்திருக்கும் கணக்கான வொலட்டை விட்டுப் போன கொயின் போனதுதான்.

இன்னொன்று. கொயினைப் பந்தயத்துக்குக் கொடுப்பதும் வரிக் கணக்கில் கொயினை விற்பதுதான். பிரிட்டனில் பந்தயத்தில் வென்ற காசுக்கு வரி இல்லை, ஆனால் கையில் இருந்தபோது கொயின் விலை ஏறியிருந்தால் அந்த லாபம் மூலதன ஆதாயக் கணக்கில் வரும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் அதை எழுதி வைப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இந்த சைட்டுகள் பெரிய போட்டியோடு நிற்பதும் இல்லை. எந்த மூலையில் எந்த இரண்டு பேர் எறிந்தாலும் பந்தயம் திறந்துவிடுவார்கள். 2020 ஊரடங்கு நேரம் இணையத்தில் ஒளிபரப்பான சின்னப் போட்டிகளில் ஆட்டத்தை விற்றதற்காக கைல் மக்கின்ஸ்ட்ரி என்ற ஆட்டக்காரருக்கு எட்டு வருடத் தடை விழுந்தது. வெஸல் நைமனுக்கு ஐந்து வருடம், அதில் பாதி ஒத்திவைக்கப்பட்டது. அவர் திரும்பி வந்து நன்றாக ஆடுகிறார், அது அவருக்கு நல்லது. ஆனால் அப்படியான ஆட்டத்தில் பந்தயம் கட்டித் தோற்றவன் யாரிடம் தோற்றான்? சந்தேகமான பந்தயம் வந்தால் உரிமம் உள்ள நிறுவனம் தகவல் சொல்லியே ஆகவேண்டும். பெயர் இல்லாத கொயினை வாங்குகிற சைட் யாருக்குச் சொல்லப்போகிறது?

சென்னை நண்பருக்குத் தனியாக ஒன்று. உங்கள் நாட்டில் 2025 ஆகஸ்டில் வந்த சட்டத்துக்குப் பிறகு காசு வைத்து ஆடும் ஒன்லைன் விளையாட்டு, திறமையோ அதிர்ஷ்டமோ, எதையும் நடத்தக்கூடாது. கொயினில் வரும் லாபத்துக்கு 30 வீத வரி வேறு, நட்டத்தைக் கழிக்கவும் முடியாது. நான் உங்களுக்கு சைட் சொல்லாதது கஞ்சத்தனத்தில் இல்லை சார்.

நிதின் குமார் அடுத்த டிசம்பரிலும் வந்தால் மலையேறிப் போய்ப் பார்ப்பேன். 2026 ஜனவரியில் லிட்லர் ஜியான் வான் வீனை 7-1 என்று வென்று பத்து இலட்சம் பவுண் பரிசை எடுத்த இரவு தம்பி எங்கள் வீட்டில்தான் இருந்தான். முதல் 180 யாருக்கு என்று ஒரு பால்தேத்தண்ணிக்குப் பந்தயம் கட்டினோம். நான் தோற்று, எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றினேன்.

தம்பியின் அந்த சைட் கணக்கு இன்னும் அப்படியே முடங்கிக் கிடக்கிறது. உள்ளே போய்ப் பார்க்கலாம், எடுக்க முடியாது. 2025 ஒக்டோபரில் பிட்கொயின் 1,26,000 டொலரைத் தொட்ட அன்று 0.0080 என்ற அந்த எண்ணைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். கீழே, "அண்ணை, இப்ப 750 பவுண் ஆகிட்டுது."

நவம்பரில் விலை விழுந்தபோது படம் வரவில்லை.