மலைத்தொடர் எல்லையாகத்தான் இருக்க வேண்டுமா?
கற்பனை டியூக் நாடு (டியூக் பட்டம் பெற்ற பிரபு ஆளும் நாடு) ஒன்றை வரைபடத்தில் உருவாக்குவது பற்றிய ஒரு கட்டுரை, மலைத்தொடரை எல்லையாகப் போட்டுவிட்டால் போதும், ஆட்சி வரலாற்றைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்கிறது. இதை ஏற்க முடியவில்லை. இன்றைய பிரான்ஸ், இத்தாலி எல்லைப் பகுதியில் இருந்த உண்மையான டியூக் நாடு சவோய், ஆல்ப்ஸ் மலையின் இரு பக்கமும் பரவிக் கிடந்தது. மோன் செனி போன்ற கணவாய்கள் கையில் இருந்ததுதான் அதன் பலம். 1416இல் அதன் ஆட்சியாளருக்கு டியூக் பட்டம் கிடைத்தது. 1536இல் புகுந்த பிரெஞ்சுப் படை இருபது ஆண்டுகளுக்கு மேல் நகரவில்லை. நாட்டை மீட்ட டியூக் எம்மானுவேல் ஃபிலிபெர்ட், 1563இல் தலைநகரை ஷாம்பெரியிலிருந்து மலைக்கு அப்பால் தூரினுக்கு மாற்றினார். ஆகவே முதலில் கணவாய்களைக் குறியுங்கள். பொதி சுமக்கும் கோவேறு கழுதைகள் மலைப்பாதையில் நாளுக்கு 20, 25 கிலோமீட்டர் போகும். அந்த இடைவெளியில் ஒரு சுங்கச்சாவடி, ஒரு சத்திரம். பனியில் கணவாய் மூடினால் அப்பால் உள்ள பள்ளத்தாக்குக்கு ஆணை போய்ச் சேராது. அங்கே டியூக்கின் தம்பி தனிச் செல்வாக்கோடு வளர்வார், வாரிசுச் சண்டை அங்கிருந்து கிளம்பும். தந்தைக்குப் பின் மகன் என்று முந்நூறு ஆண்டு தடங்கலின்றிப் போகும் பட்டியலை யார் நம்புவார்கள்? இத்தாலியின் மிலானை ஆண்ட விஸ்கொந்தி குடும்பத்தின் ஆண்வழி 1447இல் அற்றதும் நகரம் குடியரசானது. 1450இல், முற்றுகையில் பட்டினி கிடந்த அதே நகரம், இறந்த டியூக்கின் மகளை மணந்திருந்த படைத்தலைவர் பிரான்செஸ்கோ ஸ்போர்சாவுக்குக் கதவைத் திறந்தது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், வரைபடத்தில் ஒரே ஏரியிலிருந்து இரண்டு ஆறுகள் இரு கடலுக்கு ஓடட்டும் என்கிறார்: ஏரி பெரும்பாலும் மிகத் தாழ்ந்த வாய் வழியேதான் வழியும், அந்த வாய் அரித்து ஆழமாகும், மற்றது வறண்டுவிடும். இரண்டாவது ஆற்றுக்கு வேறு மலையில் பிறப்பிடம் கொடுங்கள்.