அந்தப் பையனைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

நேற்று அந்தப் பதிவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், மறுபடி இங்கே ஒட்டவில்லை. நாலு வருஷம் விளையாடிச் சேர்த்த கேம் ஐடியை எவனோ தூக்கிவிட்டான் என்று ஒரு பையன் எழுதியிருந்தான். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. "நிஜமா ஏதாவது தொலைஞ்சா சொல்லு தம்பி" என்று ஒருவர். அதற்கு அத்தனை லைக்.

தொலைந்தது நிஜம்தான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

2007-ல் நெதர்லாந்தின் லேவார்டன் நகரில் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேம் விளையாடும் 13 வயதுப் பையன் ஒருவனை இரண்டு பையன்கள் அடித்து உதைத்து, கத்தியைக் காட்டி, அவனுடைய கணக்கைத் திறக்க வைத்தார்கள். அவர்கள் கேட்டது ஒரு தாயத்தும் ஒரு முகமூடியும். இரண்டும் விளையாட்டுக்குள் இருப்பவை. கேமில் அவன் ஆடும் கதாபாத்திரத்திடம் இருந்ததை விளையாட்டுக்குள்ளேயே கீழே போட்டு, தங்கள் கணக்குக்கு மாற்றிக்கொண்டார்கள்.

வழக்கு அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. தொட முடியாது, பண மதிப்பு கிடையாது, மின்சாரத்தோடுகூட ஒப்பிட முடியாது என்று பறித்தவன் தரப்பு வக்கீல் வாதாடினார். 2012 ஜனவரி 31 அன்று வந்த தீர்ப்பு: திருட்டுதான். அவற்றைப் பெற அந்தப் பையன் போட்ட நேரமும் உழைப்பும்தான் அவற்றின் மதிப்பு. தண்டனை 144 மணி நேரச் சமூகப் பணி.

மின்சாரம் எங்கிருந்து வந்தது என்றால், அதே நீதிமன்றத்தின் 1921-ம் வருஷத் தீர்ப்பிலிருந்து. ஹேக் நகரத்தில் ஒரு பல் மருத்துவர் மீட்டருக்குள் ஒரு பின்னைச் செருகி, அதை ஓடாமல் நிறுத்திவிட்டுக் கரன்ட் எடுத்தார். கரன்ட் ஒரு பொருளே இல்லை, அதை எப்படித் திருட முடியும் என்று கேட்டார்கள். முடியும் என்றது நீதிமன்றம். இன்று கொக்கி போட்டுக் கரன்ட் எடுப்பவனைப் பிடித்தால் "கரன்ட் நிஜமா?" என்று யாராவது கேட்கிறோமா?

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு போட்டோவை நகலெடுத்தால் அசல் உங்களிடமே இருக்கும். அந்த முகமூடி அப்படி இல்லை. அவன் கைக்குப் போனால் உங்கள் கை காலி. ஒருவன் பெறும்போது இன்னொருவன் இழக்கிறான். திருட்டு என்ற சொல்லுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

"கேம் ஐடி அந்த கேம் கம்பெனிக்குத்தானே சொந்தம், கண்டிஷன்ல போட்டிருக்கு" என்பார்கள். போட்டிருக்கிறது, மறுக்கவில்லை. வாடகை சைக்கிளை ஒருவன் தூக்கிக்கொண்டு போனாலும் அது திருட்டுதான்.

"போலீஸ்ல சொன்னா சிரிப்பாங்க" என்றும் ஒருவர். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவைப் படியுங்கள். அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அது பேங்க் பாஸ்வேர்டா கேம் பாஸ்வேர்டா என்று சட்டம் பிரிக்கவில்லை.

தம்பி இதைப் படித்தால்: முதலில் ஐடியை விடு, அதோடு இணைத்த மெயிலைக் காப்பாற்று. மெயில் அவன் கையில் இருந்தால் நீ மாற்றும் ஒவ்வொரு பாஸ்வேர்டையும் அவன் மறுபடி மாற்றிவிட முடியும். மெயில் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக் அவுட் செய்து, இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போடு. மெயிலை மீட்கக் கொடுத்திருக்கும் போன் எண் உன்னுடையதுதானா பார், பல பேர் கோட்டைவிடுவது அங்கேதான். பிறகு கூகுள் பிளே ரசீதுகளை எடு. ஜிபிஏ என்று தொடங்கும் ஆர்டர் எண்தான் ஐடி உன்னுடையது என்பதற்கு நல்ல சாட்சி. விளையாட்டில் வைத்திருந்த பெயரை நம்பாதே, அதை அவன் மாற்றிவிடுவான். எண் வடிவ ஐடியைக் குறித்து வை. அவனோடு பேசிய சாட்டைக் கோபத்தில் அழித்துவிடாதே. திருப்பித் தருகிறேன் என்று பணம் கேட்டால் அனுப்பாதே. அனுப்பிவிட்டாய் என்றால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அடி. தேசிய சைபர் கிரைம் தளத்தில் புகாரும் கொடு.

"வெளியே போய் நாலு மனுஷங்களோட பழகு" என்று எழுதியவருக்குத்தான் பதில் சொல்ல முடியாமல் ராத்திரி முழுக்க மனசு அடித்துக்கொண்டது. அந்த ஐடியில் இருந்தது துப்பாக்கியும் சட்டையும் மட்டும்தானா? அவனோடு சேர்ந்து விளையாடும் ஸ்குவாடும் அதில்தான் இருந்தது.

நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஒருவர். தசைச் சிதைவு நோய், சக்கர நாற்காலி. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமில் ஐபலின் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் விளையாடினார். 2014-ல் இறந்தபோது வயது 25. பிள்ளை நண்பர்களே இல்லாமல் போய்விட்டான் என்றுதான் பெற்றவர்கள் நினைத்திருந்தார்கள். மகனுடைய வலைப்பூவில் மரணச் செய்தியைப் போட்டு, ஒரு மெயில் முகவரியையும் அப்பா எழுதிவைத்தார். மெயில்கள் வந்துகொண்டே இருந்தன. என் கஷ்டத்தில் கூட இருந்தார், பேசினார், கேட்டார் என்று, அவரை ஒருமுறைகூட நேரில் பார்க்காதவர்கள் எழுதினார்கள். அடக்கத்துக்கு வேறு நாடுகளிலிருந்தும் கேமில் அவர் இருந்த ஸ்டார்லைட் என்ற குழுவின் ஆட்கள் வந்து நின்றார்கள்.

அந்த மெயில்களைப் படித்த அப்பா அம்மாவிடம் போய், இதெல்லாம் நிஜமில்லை என்று உங்களால் சொல்ல முடியுமா?

அந்தப் பையனின் பதிவு இன்னும் அங்கேயே இருக்கிறது. போட்ட சிரிப்பை எடுத்துவிடுங்கள், தயவுசெய்து.