தொலைந்துபோன ஓர் ஐகாரம்

பலரும் பகிர்ந்த அந்தத் துக்க வீட்டு அஞ்சலிப் பதாகையின் படத்தை உங்களில் பெரும்பாலோர் பார்த்துவிட்டீர்கள். சிலர் சிரிப்புப் பொம்மைகளோடு எனக்கே அனுப்பியும் வைத்தீர்கள். ஆகவே எந்த ஊர், யார் வீடு என்பதை மறுபடியும் எழுதப்போவதில்லை. 'மறைந்த எங்கள் அன்புத் தந்தைக்கு' என்று இருக்க வேண்டியது 'மறந்த எங்கள் அன்புத் தந்தைக்கு' என்று அச்சாகி, முச்சந்தியில் நான்கு நாள் நின்றது. எனக்கு உறுத்துவது பதாகைகூட அல்ல. அந்தப் படத்தின் கீழே ஒருவர் கேட்டிருந்த கேள்விதான்: "கணினித் துறையில் இருப்பவர் கூடவே இருந்தாரே, பார்த்துத் திருத்தியிருக்கக் கூடாதா?"

கூடவே இருந்த அந்த நபர் நான்.

நடந்தது இதுதான். துக்க வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர்கள் எழுதிக் கொடுத்த பத்து வரியைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். உறவுக்காரத் தம்பி ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், நீங்க டைப் அடிச்சு முடிக்கிறதுக்குள்ள பதினாறாம் நாளே வந்துரும்" என்றார். சுற்றி இருந்தவர்கள் சாவு வீட்டிலும் சிரித்தார்கள். வாசலில் பறையடித்துக்கொண்டிருக்க, உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருக்க, அவர் கைப்பேசியை வாயருகே பிடித்துப் பத்து வரியையும் வாசித்தார். பேசியதைக் கேட்டு அது எழுதியதை அப்படியே பிளெக்ஸ் கடைக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். இரண்டே நிமிடம். எனக்கு யாரும் காட்டவில்லை. நானும் மடிக்கணினியை மூடிவிட்டேன்.

பள்ளியில் ஐகாரக் குறுக்கம் படித்திருப்போம். சொல்லின் நடுவில் வரும் ஐகாரம் இரண்டு மாத்திரையிலிருந்து ஒன்றாகக் குறைந்து ஒலிக்கும். 'மறைந்த' என்பதை வேகமாகச் சொன்னால் மனிதக் காதுக்கே 'மறந்த' என்றுதான் விழும். இடம் பார்த்து நாம் புரிந்துகொள்கிறோம். பறைச் சத்தத்துக்கு நடுவே கருவி தன்னால் இயன்றதைச் செய்தது, அதன்மேல் எனக்குக் கோபமில்லை. நான் தட்டச்சு செய்யும் தமிழ் 99 விசைப்பலகையில் 'மறைந்த' என்று எழுத ம, ற, ஐ, ந, த என ஐந்தே தட்டு. 'ந' எழுத்துக்கு அடுத்து 'த' வந்தால் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். அந்த ஐகாரத்தை என் இடக்கை ஆள்காட்டி விரல் தட்டியாக வேண்டும், தட்டாமல் அந்தச் சொல் பிறக்காது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: விரலால் எழுதுகிறவன் ஒவ்வோர் எழுத்தையும் தெரிந்தே எழுதுகிறான். அதற்குப் பெயர் பழமை அல்ல.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டின் வழியாக வந்து, அதே ஆண்டில் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை தமிழ் 99. உயிர்கள் இடக்கைப் பக்கம், மற்றவை பெரும்பாலும் வலக்கைப் பக்கம். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஒரு புள்ளி என 31 விசைக்குள் ஏறக்குறைய மொத்த நெடுங்கணக்கும் அடங்கிவிடும். 2004-இல் வாடகை அறையில் இருந்தபோது, வெள்ளைத் தாளைச் சிறு கட்டங்களாக நறுக்கி, பேனாவால் எழுத்துகளை எழுதி விசைகளின்மேல் ஒட்டி நான் அதைக் கற்றேன். இரண்டே வாரத்தில் விரல் வியர்வையில் மை அழிந்துபோனது. அதற்குள் விரலுக்கு வழி தெரிந்துவிட்டது. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்குகிறவர்கள் இதே சொல்லுக்கு ஒன்பது விசை தட்டி, வல்லின றகரத்துக்கு ஷிப்ட் விசையையும் பிடிக்கிறார்கள். ஆனாலும் மெதுவானவன் நான்தான்.

"முதியவர்களுக்குக் குரல்வழி எழுதுவது எவ்வளவு உதவி தெரியுமா?" என்று கேட்பீர்கள். தெரியும். முடக்குவாதத்தால் என் அம்மாவுக்கு விரல் மடங்காது. அவர் பேசித்தான் செய்தி அனுப்புகிறார். ஒருநாள் 'வடகம் காஞ்சிட்டு' என்று திருநெல்வேலித் தமிழில் அவர் சொன்னது 'வாடகை காஞ்சிபுரம்' என்று வந்து, அரைமணி நேரம் குழம்பினேன். பரவாயில்லை, அது அம்மாவுக்கும் எனக்கும் இடையில். முச்சந்தியில் நிற்பது அப்படியா?

"தட்டச்சில் பிழையே வராதா?" என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். வரும். ஆனால் என் விரல் பிசகினால் 'மறைதந' என்பதுபோல ஏதாவது வந்து கண்ணில் குத்தும். கருவி செய்யும் பிழையோ பெரும்பாலும் சுத்தமான இன்னொரு தமிழ்ச் சொல்லாகவே வருகிறது. எழுத்துப்பிழை இல்லாத பிழை. அதனால்தான் கடைக்காரர், மகன்கள், கம்பம் நட்டவர்கள் என ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

"புதிய தொழில்நுட்பத்தை வெறுக்கிறீர்கள்" என்பவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கில்லை. இருபது ஆண்டுகளாக அதில்தான் சம்பளம் வாங்குகிறேன்.

உண்மையில் வலிப்பது வேறு. அச்சுப்பொறி மக்கர் செய்தால், மறந்துபோன கடவுச்சொல்லை மீட்க வேண்டுமென்றால், ஆதாரைத் தரவிறக்க வேண்டுமென்றால் இரவு பதினொரு மணிக்கும் நான் கணினிக்காரன். 'இந்த வேலைக்கு இந்தக் கருவி வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் மட்டும் நான் பழைய பஞ்சாங்கம். பிறகு ஏதாவது கெட்டுப்போனால் உடனே மறுபடியும் கணினிக்காரன், கூடவே இருந்தும் பார்க்காமல் விட்டவன். அந்தக் குடும்பத்தின் மூத்த மகன் என்னிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பதாகையை மட்டும் பார்த்துக்கொண்டே நின்றார். அதைப் படமெடுத்துப் பகிர்ந்தவர்களை என்ன சொல்வது?

பதினாறாம் நாள் அழைப்பை என்னிடம் தட்டச்சு செய்யக் கேட்டார்கள். பத்து வரி, ஆறு நிமிடம். 'மறைந்த' என்ற சொல்லில் நின்று மூன்று முறை பார்த்துவிட்டு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.